மின்சாரக் காரில் பிழையென்றால் சாட்சி யார் கையில்?

கல்முனையில் இருக்கும் என் மச்சான், எட்டு வருடம் கட்டாரில் உழைத்த காசில் பாதியைப் போட்டு, மீதிக்கு லீசிங் எடுத்து, பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். ஒரு தடவை முழுதாக சார்ஜ் செய்தால் 150 கிலோமீற்றர் போகும் என்று விற்றவர் சொன்னார். டாஷ்போர்ட்டிலும் பெட்டரி நிறைவாகவே தெரிந்தது. நான்கு மாதம் கழித்து, மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பும் வழியில், களுவாஞ்சிக்குடி பக்கத்தில் கார் நின்றுவிட்டது. காலையில் முழுதாக சார்ஜ் செய்து புறப்பட்ட வாகனம் எழுபது கிலோமீற்றர் கூட ஓடியிருக்கவில்லை.

விற்றவரிடம் போனார். வெயிலுக்கு அப்படித்தான் குறையும் என்று முதலில் பதில் வந்தது. இரண்டாம் முறை போனபோது, ஏசி போட்டு ஓட்டுவதுதான் காரணம் என்றார். மூன்றாம் முறை, "நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்தது, இல்லையெண்டா காட்டுங்க பாப்பம்" என்று முடித்துவிட்டார். அந்த வியாபாரியின் பெயரும் காரின் பெயரும் இங்கு தேவையில்லை. ஆனால் அவருடைய கடைசி வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. எதை வைத்துக் காட்டுவது?

பெற்றோல் கார் என்றால் ஊரிலுள்ள எந்த கராஜிலும் பாஸ் ஒருவர் இஞ்சினின் சத்தத்தைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து, பிழை எங்கே என்று சொல்லிவிடுவார். மின்சாரக் காரின் பெட்டரி சத்தம் போடாது. அதன் ஆரோக்கியம் என்பது காருக்குள் இருக்கும் மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும் ஓர் எண். அந்தக் கணக்கை எழுதியது கம்பனி. முழு விபரத்தையும் வாசிக்கும் கருவியும் பெரும்பாலும் கம்பனியிடமே இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மின்சாரக் கார் உரிமையாளர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையில் நடந்த பெரிய பிணக்குகளை எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: சாட்சி யார் கையில்?

அரிஸோனா வெயிலில் தொடங்கிய வழக்கு

இலங்கையர்களுக்கு நன்கு பரிச்சயமான நிஸான் லீஃபிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரைச் சுற்றி, 2011இல் லீஃப் வாங்கியவர்கள் அடுத்த வருடக் கோடையிலேயே பெட்டரியின் கொள்ளளவு குறைவதைக் கண்டார்கள். ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 80 வீதம் மிஞ்சும் என்பதே கம்பனி சொல்லிவந்த பொதுவான கணக்கு. சிலருக்கு ஒன்றரை வருடத்திலேயே அந்த அளவு இறங்கிவிட்டது. அந்த லீஃபின் பெட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கவில்லை. லித்தியம் பெட்டரிக்குச் சூடு ஆகாது என்பதோ எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

நிஸான் சில கார்களை வாங்கிப் பரிசோதித்தது. அவை அதிக தூரம் ஓடியவை, அந்தச் சூட்டுக்கு இது எதிர்பார்க்கத்தக்கதே என்றது. உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் கார்களை ஒன்றுசேர்த்து, ஒரே வேகத்தில் ஓட்டி, எது எத்தனை மைல் போகிறது என்று தாங்களே பதிந்து வெளியிட்டார்கள். 2012 செப்டெம்பரில் கூட்டு வழக்கும் தாக்கல் செய்யப்பட்டது. அதே வருடம் டிசம்பரில், அதுவரை இல்லாத ஓர் உத்தரவாதத்தை நிஸான் அறிவித்தது: 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் (சுமார் 96,000 கிலோமீற்றர்) பெட்டரியின் 12 பட்டைகளில் 9ஐ விடக் குறைந்தால் சரிசெய்து தரப்படும்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது, கம்பனியின் மனதை மாற்றியது எது என்பதைத்தான். தனித்தனியாகப் போய் முறையிட்டபோது கிடைக்காதது, எல்லோரும் சேர்ந்து எண்களைக் காட்டியபோது கிடைத்தது.

இதே லீஃப்தான், வரி குறைவாக இருந்த 2014, 2015 காலப்பகுதியில் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை ரீகண்டிஷன் வாகனங்கள். வேறு நாட்டில் விற்பதற்காகத் தயாரிக்கப்பட்டவை என்பதால், அந்த நாட்டு உத்தரவாதம் கப்பலோடு இங்கு வரவில்லை. பட்டைகளை நம்பியும் பலன் குறைவு. முதற்பட்டை மறைவதற்கு முன்னரே பெட்டரி சுமார் 15 வீதம் தேய்ந்திருக்கலாம். மென்பொருளை மீளமைத்து, தேய்ந்த பெட்டரியைச் சில நாட்களுக்கு நிறைவாகக் காட்டவும் முடியும்.

ஷங்காயில் கூரையில் ஏறிய பெண்

2021 ஏப்ரலில் ஷங்காய் மோட்டார் கண்காட்சியின் முதல் நாள். பெண்ணொருவர் டெஸ்லா காரின் கூரை மேல் ஏறி நின்று, தன் காரின் பிரேக் வேலை செய்யவில்லை என்று கத்தினார். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர் அவருடைய குடும்பத்தின் கார் விபத்துக்குள்ளாகியிருந்தது. விட்டுக்கொடுக்க முடியாது என்ற தொனியில் பேசிய கம்பனி, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் அதிகாரிகள் வற்புறுத்திய பின்னர், விபத்துக்கு முந்திய கடைசி நிமிடங்களின் தரவை வெளியிட்டது. கார் மணிக்கு 118.5 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது, பிரேக் வேலை செய்தது என்பதே அந்தத் தரவின் சாரம்.

அந்தப் பெண் தரவை நம்பவில்லை. தரவைச் சேகரித்ததும், வைத்திருந்ததும், வெளியிட்டதும் எதிர்த்தரப்பேதானே என்பது அவருடைய நியாயம். பொது ஒழுங்கைக் குழப்பியதற்காக அவர் ஐந்து நாள் தடுத்துவைக்கப்பட்டார். பின்னர் கம்பனி அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2024இல் நீதிமன்றம் அவரைச் சுமார் 170,000 யுவான் நட்டஈடு செலுத்தவும் மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிட்டது.

அந்தப் பெண் சொன்னது சரியென்று நான் வாதாடவில்லை. உரிமையாளர் சொல்லும் பிழைகள் எல்லாம் உண்மையான பிழைகள் அல்ல. சத்தம் போட்டவரிடம் அவர் பக்கத்துக்குச் சொந்தமான ஆதாரம் எதுவும் இருக்கவில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இன்னொரு வழக்கில் விடயம் இன்னும் தெளிவு. 2019இல் டெஸ்லா இணையம் வழியாக அனுப்பிய மென்பொருள் மாற்றத்தின் பின்னர், தங்கள் மொடல் எஸ் கார்களின் பெட்டரி முன்னர் போல் நிறையவில்லை என்று அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வாகனம் வீட்டில் நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் ஸ்பானர் எடுக்கவில்லை. 2021இல் 15 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. 1,743 கார்களின் உரிமையாளர்களுக்குத் தலா 625 டொலர்.

பிழையை ஒப்புக்கொண்ட பின்னும்

கம்பனியே பிழையை ஏற்றுக்கொண்டாலும் உரிமையாளரின் அலைச்சல் தீர்ந்துவிடுவதில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் தன் செவ்ரோலெட் போல்ட் கார்களில் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2020 நவம்பரில் சுமார் 69,000 வாகனங்களை மீள அழைத்தது. மென்பொருளை மாற்றிச் சரிசெய்யலாம் என்று நினைத்தார்கள். சரிசெய்த கார்களும் எரிந்தன. 2021 ஓகஸ்டில் அதுவரை தயாரித்த போல்ட் கார்கள் அனைத்தும், சுமார் 142,000, மீள அழைக்கப்பட்டன. காரை வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், மற்ற வாகனங்களுக்கு 15 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள் என்றெல்லாம் அறிவுரை வந்தது. பெட்டரி தயாரித்த எல்ஜி, செலவில் 190 கோடி டொலர் வரை ஏற்கச் சம்மதித்தது.

ஹ்யுண்டாய் கோனா கதையும் அப்படித்தான். மென்பொருள் திருத்தம் பெற்ற கார் ஒன்றே கொரியாவில் தீப்பிடித்தது. 2021 பெப்ரவரியில் உலகளவில் சுமார் 82,000 வாகனங்களின் பெட்டரியை மாற்ற முடிவாயிற்று. பிழை பெட்டரிக் கலத்திலா, வேறெங்குமா என்று கார்க் கம்பனியும் பெட்டரிக் கம்பனியும் இழுபறிப்பட்டன.

ஆனாலும் அந்த உரிமையாளர்களுக்குப் பெட்டரி கிடைத்தது. மீள அழைப்பதைக் கண்காணிக்கும் அரச நிறுவனம் அந்த நாடுகளில் இருந்தது. வழக்குப் போட இடம் இருந்தது. கம்பனி அதே நாட்டில் இருந்தது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

எங்களிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1896இன் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. உத்தரவாதத்துக்கு மாறான, குறைபாடுள்ள பொருளை விற்றவரிடம் நட்டஈடு பெற்றுத் தரவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட அதிகாரசபைக்கு வழியுண்டு. ஆனால் முறைப்பாட்டை எழுத்து மூலம், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மச்சானின் கார் நின்றது நான்காம் மாதத்தில். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டபோதுதான் இந்தக் கெடுவே எங்களுக்குத் தெரியவந்தது.

சோற்றுப்பானைக்கும் மின்விசிறிக்கும் மூன்று மாதம் போதும். பெட்டரியின் தேய்வு மெதுவாக வெளிப்படும் விடயம். அதற்கு இந்தக் கெடு பொருந்தாது.

காருக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிவதில் அரசுக்கே எவ்வளவு சிக்கல் என்பதை 2025 நடுப்பகுதியில் பார்த்தோம். பிவைடி கார்கள் சிலவற்றின் மோட்டார் வலு 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்ற சந்தேகத்தில் சுங்கத் திணைக்களம் நூற்றுக்கணக்கான வாகனங்களைத் தடுத்துவைத்தது. இறக்குமதியாளர் அதை மறுத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். பின்னர் வங்கி உத்தரவாதத்தின் பேரில் வாகனங்களை விடுவிக்க வழிசெய்யப்பட்டது. அது வரி பற்றிய பிணக்கு, பழுது பற்றியது அல்ல. ஆனால் சுங்கத்துக்கே இலகுவாக வாசிக்க முடியாததை லீசிங் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாவனையாளர் எப்படி வாசிப்பார்?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததிலிருந்து புதிய மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை பாவித்த கார்களாகக் கைமாறத் தொடங்கும்போது மச்சானைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சட்டத்தைத் திருத்த இதுவே நேரம்.

என்ன செய்யலாம்?

பார்த்தெழுத முன்மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பெட்டரி ஒழுங்குவிதியின்படி, 2024 ஓகஸ்ட் முதல் பெட்டரியின் ஆரோக்கியத் தரவை அதைச் சட்டப்படி வாங்கியவர் பார்க்க வழிசெய்ய வேண்டும். 2027 பெப்ரவரியிலிருந்து மின்சாரக் கார் பெட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டும் கட்டாயம். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனடியாக வேண்டாம். மூன்று விடயங்கள் போதும்: பாவித்த மின்சாரக் கார் கைமாறும்போது பெட்டரி ஆரோக்கிய அறிக்கை கட்டாயமாக வேண்டும், அதைப் பரிசோதிக்க, விற்பவரைச் சாராத நிலையங்கள் வேண்டும், பெட்டரி விடயத்தில் முறைப்பாட்டுக் காலம் குறைந்தது ஒரு வருடமாக வேண்டும்.

சட்டம் வரும்வரை வாங்குபவர்கள் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ள வேண்டும். பட்டையைப் பார்த்து விலை பேசாதீர்கள். பெட்டரி ஆரோக்கியம் எத்தனை வீதம், மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பதைத் திகதியோடு விற்பனைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். முழு சார்ஜில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். செஸி இலக்கத்தை வைத்து, அந்த வாகனம் மீள அழைக்கப்பட்டதா என்று தேடுங்கள். பிழை கண்டால் முகநூலில் எழுதுவதற்கு முன்னர் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஷங்காய்ப் பெண்ணுக்கு நேர்ந்ததை மறக்க வேண்டாம்.

நம்மவர்களில் வாகன வியாபாரம் செய்பவர்கள் பலர். அவர்களுக்கும் இது நல்லதே. விற்ற அன்று பெட்டரி எந்த நிலையில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தவரிடம், ஒரு வருடம் கழித்து எவரும் வந்து சும்மா சண்டை பிடிக்க முடியாது.

மச்சான் பிறகு கொழும்புக்கு வந்தபோது காரைப் பரிசோதித்தோம். பெட்டரியில் 52 வீதம்தான் மிச்சம். காரை விற்கப் போவதாகச் சொன்னார். "வாங்குறவர் கேட்டா சொல்றதா, கேக்காட்டி விடுறதா?" என்று என்னைப் பார்த்தார். கேட்காவிட்டாலும் 52 என்று எழுதிக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் விலை இலட்சக்கணக்கில் குறையும் என்கிறார். குறையத்தான் செய்யும்.