டிரைவருக்கு இந்தப் பக்கம் மட்டும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்.இ.டி. உதிரி வாங்கப் போனால் முதல் கேள்வி பெரும்பாலும் 'எத்தனை வாட்?' என்பதுதான். வீட்டுக்கு ஒரு விளக்கைத் தானே செய்துகொள்ளலாம் என்று கிளம்பியவர் ஓர் எண்ணைச் சொல்ல, வட்டப் பலகை ஒன்றோ, சுருட்டிய பட்டி ஒன்றோ, நகத்தளவு எல்.இ.டி. ஒன்றோ மேசைக்கு வந்துவிடும். 1905இல் சிவனசமுத்திரத்து மின்சாரத்தில் இந்த ஊரின் முதல் மின் தெருவிளக்குகள் எரிந்ததும் இங்கிருந்து நடந்து போகும் தொலைவில், சிட்டி மார்க்கெட் பக்கம்தான். வெளிச்சத்தை வாட்டில் அளக்கும் பழக்கம் அதன் பின் வந்த குண்டு பல்புக் காலத்தது; அப்போது அது பொருந்தியது. சொந்தமாக எல்.இ.டி. விளக்கு செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் எந்த இடத்தோடு நிற்கிறது? அந்த இடம் வரைக்கும் உள்ளதை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் இருப்பதைக் கையால் செய்யலாம். இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பார்த்தால், கடையில் கிடைக்கும் வழிகளில் எது தேறும், எது தேறாது என்பது தானாகப் பிரியும்.

எரியாமல் போன 9 வாட் பல்பு ஒன்றின் பால்நிற மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளை பூசிய அலுமினிய வட்டம். அதன்மேல் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள். அநேகமாக ஒன்றின் நடுவில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி இருக்கும். திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாம் ஒரே சரமாகக் கோத்தவை என்பதால், அந்த ஒன்று போனதும் மொத்தமும் இருண்டுவிட்டது. சதுரங்கள் எல்லாம் நன்றாக இருந்தால், போனது டிரைவராக இருக்கும். மாறுமின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்தச் சுற்றில் ஒரு கெபாசிட்டர் உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழிவழியாகப் புழங்கும் கணக்கு. ஆக, இரண்டு சாவுக்கும் காரணம் சூடுதான். சூட்டைக் குறைக்கும் வழியும் புதிரல்ல. 2016இல் துபாய் மாநகராட்சியோடு சேர்ந்து பிலிப்ஸ் ஒரு பல்பு கொண்டுவந்தது, சாதாரண எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும் இடத்தில் அது 200 லூமன் தந்தது. எல்.இ.டி.களை அதிகமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் போகும் கரண்ட்டைக் குறைத்தார்கள், முக்கியமான உத்தி அதுதான். நம் ஊரிலோ, பிற்பாடு உஜாலா என்று பெயர் பெற்ற திட்டத்தில் ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாயிலிருந்து 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு நல்ல வெளிச்சம் சேர்ந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விலை இவ்வளவு இறங்கிவிட்ட சந்தையில், எல்.இ.டி.யில் நாலைக் குறைத்துக் கரண்ட்டைக் கூட்டத்தான் யாருக்கும் கை போகும். தானே செய்கிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. நாலு எல்.இ.டி. கூடுதலாகப் போட்டால் அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. சொந்தத் தயாரிப்பின் உண்மையான லாபம் என்று நான் கருதுவது இதைத்தான்.

கடையில் மிக மலிவான வழி டி.ஓ.பி. பலகை. டிரைவரும் எல்.இ.டி.யும் ஒரே அலுமினியத் தட்டில் இருக்கும். இரண்டு வயரைப் பற்றவைத்தால் எரிந்துவிடும். செய்வது சுலபம் என்பதாலேயே தொடக்கக்காரர்கள் இதில் விழுகிறார்கள். ஆனால் இந்தத் தட்டில் வீட்டு மின்சாரத்துக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் எதுவும் இல்லை. மஞ்சள் சதுரங்களின் முனைகளில் நிற்பது நேரடியாக வீட்டு மின்சாரம். தொழிற்சாலையில் செய்த பல்பில் நம் விரலைக் காப்பது அந்தப் பால்நிற மூடிதான். அதை எடுத்துவிட்டு, அழகுக்காக மூங்கில் கூடைக்குள்ளோ பித்தளைக் குடத்துக்குள்ளோ இந்தத் தட்டைப் பொருத்தினால், ஒட்டடை அடிக்கிறவர் கைபடும் தூரத்தில் 230 வோல்ட் காத்திருக்கும். டிரைவரும் எல்.இ.டி.யும் ஒரே தட்டில் ஒன்றின் சூட்டில் மற்றொன்று வேகும் என்பது இரண்டாவது குற்றம். கரும்புள்ளி விழுந்த எல்.இ.டி.யை ஈயம் வைத்துக் குறுக்கே இணைத்து மறுபடி எரியவைக்கும் வித்தை பலருக்குத் தெரியும். கைத்திறன் என்ற அளவில் மெச்சலாம். ஆனால் முதலாவதைக் கொன்ற சூடு அங்கேயே இருப்பதால் அடுத்தது போக நாளாகாது.

என் தேர்வு 24 வோல்ட் பட்டி, அலுமினியச் சேனல், தனியாக ஒரு மூடிய டிரைவர். பட்டி என்றதும் ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக வழியும் வெளிச்சம்தான் பலருக்கு ஞாபகம் வரும். பட்டியின் மேல் அது நியாயமற்ற பழி. நல்ல வெள்ளைப் பட்டி, சேனலில் ஒட்டி, மேலே பால்நிற மூடி போட்டால் டியூப்லைட்டை விட மென்மையாக எரியும். கடையில் கேட்காவிட்டால் 12 வோல்ட் பட்டியைத்தான் தருவார்கள். மீட்டருக்கு 10 வாட் எடுக்கும் பட்டி 5 மீட்டர் என்றால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும். பட்டியில் உள்ள செம்பு மெல்லிய தகடு என்பதால் கடைக்கோடி மங்கிவிடும். 24 வோல்ட்டில் கரண்ட் பாதி, அதனால் வோல்ட் இழப்பும் பாதி; மொத்த வோல்ட்டே இரு மடங்கு என்பதால், விகிதத்தில் பார்த்தால் இழப்பு நாலில் ஒரு பங்கு. துபாய்ப் பாடத்தையும் இங்கே எளிதாகப் பயன்படுத்தலாம்: மீட்டருக்கு 15 வாட் பட்டியில் 1 மீட்டர் போடுவதற்குப் பதில், மீட்டருக்கு 5 வாட் பட்டியில் 3 மீட்டர் போடுங்கள். வாட் அதேதான், சூடு மூன்று மடங்கு நீளத்தில் பரவிவிடும், கண் கூசுவதும் குறையும். வாங்கும்போது நிறத்துல்லிய எண்ணையும் கேட்பது நல்லது. புடவைக் கடையில் பட்டுச் சேலையை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பவர்கள் நாம். அந்த எண் 90க்கு மேல் இருந்தால் சமையல் மேடையிலும் கண்ணாடி முன்னாலும் நிறம் ஏமாற்றாது.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நட்சத்திர வடிவத் தகட்டில் வரும் 1 வாட், 3 வாட் எல்.இ.டி. ஒரே இடத்தில் வெளிச்சம் குவிக்கும் படிப்பு விளக்குக்கு அருமையானது. ஆனால் வெப்பப் பசை தடவி ஹீட்ஸிங்கில் இறுக்காமல் எரியவிட்டால் சீக்கிரமே தீய்ந்துவிடும். அதற்குச் சீரான கரண்ட் தரும் தனி டிரைவரும் வேண்டும். இன்னொன்று, சன்னபட்டணாக் கடைசல் மரத்திலோ மண்ணிலோ கூடு மட்டும் செய்து, உள்ளே ஹோல்டரும் சாதாரண பல்பும் போடுவது. எல்.இ.டி. வேலை என்று யாரும் பெருமைப்பட முடியாது என்றாலும், நான் சொன்ன கோட்டின் சரியான பக்கத்தில் நிற்கிறது. மேல்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். தொங்கும் பல்பில் சூடு ஏறிப் போய்ச் சேருவது டிரைவர் இருக்கும் கழுத்துக்கு.

நூறு ரூபாய்க்குப் பல்பு கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். வெறுமனே பல்பை மாற்ற வேண்டியவர் பல்பையே வாங்கட்டும். சேனலும் டிரைவரும் சேர்ந்தால் நிச்சயம் செலவு கூடும். மின் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்ற வாதமும் இங்கே எடுபடாது: பல்புக்குப் பதில் பட்டி வைப்பதால் வாட் பெரிதாகக் குறையப் போவதில்லை, தவிர 2023 முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் இருக்கும் பெங்களூரு வீடுகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. கிடைப்பது வேறு வகை ஆதாயம். வேண்டிய இடத்தில் வேண்டிய நீளத்துக்கு வெளிச்சம்; பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றும் வசதி. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் நிறைந்த ஊரில், நாலு திருகைக் கழற்றினால் கூடவே வந்துவிடும் விளக்குக்கு ஒரு மதிப்பு உண்டு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது: கடையில் விற்கும் விளக்குக்குத் தரச்சான்று உண்டு, வீட்டில் செய்ததற்கு யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் டிரைவரை மட்டும் செய்யாதீர்கள், வாங்குங்கள் என்கிறேன். எல்.இ.டி. டிரைவர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்குள் வருபவை. உடம்பில் ஐ.எஸ். 15885 என்ற எண்ணும் பதிவு எண்ணும் இல்லாத டிரைவரை எவ்வளவு மலிவானாலும் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். வெளியேறும் பக்கம் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை போட்ட தகரப் பெட்டி வடிவில் வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். அது வீட்டுக் கூடத்துக்கு உகந்ததல்ல. பட்டி 20 வாட் எடுத்தால் டிரைவர் 40 வாட்டாக இருக்கட்டும், சூடேறாமல் இருக்கும். ஏற்கெனவே இப்படி விளக்கு போட்ட பல வீடுகளில் தவறு நடப்பது கடைசிக் கட்டத்தில்: டிரைவரை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போட்டு, ஜிப்சம் பலகையால் மூடி, பெயின்ட்டும் அடித்துவிடுகிறார்கள். காற்றோட்டமில்லாத அந்த இடுக்கில் முதலில் போவது அதுதான். உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை மாற்றக் கூரையை அறுக்க வேண்டியிருக்கும். டிரைவரை அலமாரி மேலோ சுவிட்ச் போர்டு பக்கமோ, ஸ்டூல் போட்டால் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.