சலுகையா? சேவையா?

உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எமது திருகோணமலை. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டுவரை இங்கே தளம் கொண்டிருந்தது இந்த ஆழத்தின் பொருட்டே. அதே ஆழம் மனித உடலை என்ன செய்யும் என்பதைச் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் சுழியோடிகளின் குடும்பங்கள் அறியும்.

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகிறது. 30 மீற்றரில் அது நான்கு மடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியில் கரைகிறது. சுழியோடி விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப்போல் அது குமிழிகளாகப் பொங்குகிறது. மூட்டு வலியில் தொடங்கும் இந்நோய் முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கிக் கால்களை முடக்கவும் உயிரைப் பறிக்கவும் வல்லது. நோயாளியை அமுக்க அறையில் வைத்து, தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, அமுக்கத்தைப் படிப்படியாகத் தணிப்பதே இதற்குரிய சிகிச்சை. தாமதமாகும் ஒவ்வொரு மணியும் ஆபத்தை வளர்க்கும்.

அத்தகைய அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. மீனவர்களும் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அதை மறுப்பது நேர்மையன்று. எமது கேள்வி வேறு. ஒரு குடிமகனின் கால்கள் பிழைப்பது அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததா, சட்டம் வகுத்த ஒழுங்கைப் பொறுத்ததா? பாதுகாப்பு மத்திய அரசின் கையில் இருக்கிறது. சுகாதாரத்தையோ 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் நடுவே நோயாளி தவிக்கலாகாது.

இது கரையோரத்தாரின் கவலை மட்டுமே என்று விவசாயிகள் எண்ண வேண்டாம். கிணற்றுக்குள் இறைப்பு இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டு நஞ்சேறி மயங்கியவருக்கும், நீரிழிவினால் காற்புண் ஆறாதவர்களுள் சிலருக்கும் இச்சிகிச்சை பல நாடுகளில் அளிக்கப்படுகிறது.

நாம் கோருவன மூன்று. வடக்குக் கிழக்கின் எந்த வைத்தியசாலையும் இரவு பகலாக அமுக்க அறையுடன் தொடர்புகொள்ள, அறிவிக்கப்பட்ட ஏற்பாடு வேண்டும். நோயாளியின் வண்டி தளத்தின் வாயிலில் தடையின்றி நுழைய எழுத்தில் விதி வேண்டும். சுகாதாரத் துறையின் பொறுப்பில், பயிற்சி பெற்ற ஊழியருடன், திருகோணமலையிலும் மன்னாரிலும் பொதுமக்களுக்கென அமுக்க அறைகள் வேண்டும்.

கடலட்டை கப்பலேறிக் கீழைநாடுகளுக்குப் போகிறது. அதனால் வரும் அந்நியச் செலாவணியை அரசு எண்ணிக் கணக்கு வைக்கிறது. அதைக் கடலடியிலிருந்து எடுத்துத் தந்தவனின் உயிரும் அந்தக் கணக்கில் ஏறட்டும்.