கணக்கு யாருக்கு? தேனிக் கடைகளில் டேலி

தேனி மாவட்டத்தில் சிறு வியாபாரிகள் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது இன்று புதுமையே இல்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் கடை, தேனி நகரத்து ஹார்டுவேர் கடை, கம்பத்து உரக்கடை, ஆண்டிபட்டி ஜவுளிக்காரர் என்று எங்கே போனாலும் "டேலி போட்டாச்சா?" என்ற கேள்வி காதில் விழும். ஒரு சாப்ட்வேரின் பெயர் ஒரு வேலையின் பெயராகவே மாறிவிட்டது. நல்ல விஷயம் தான்.

ஆனால் அந்த டேலிக்குள் இருக்கும் கணக்கைக் கடை முதலாளி கடைசியாக எப்போது பார்த்தார்? இந்தக் கேள்விக்குப் பல கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்று தான். "அதெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க."

பிரச்சினை அங்கே தான் இருக்கிறது. சாப்ட்வேர் கடைக்கு வந்துவிட்டது. கணக்கு மட்டும் கடையை விட்டு வெளியே போய்விட்டது!

பழைய முறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பகலில் சிட்டை, இரவில் கடை அடைக்கும் முன் குறிப்பேடு, பிறகு ஆள் வாரியாகப் பேரேடு. கணக்குப்பிள்ளை எழுதுவார், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். யாரிடம் எவ்வளவு பாக்கி, கல்லாவில் எவ்வளவு இருப்பு என்பது அன்றன்றைக்கே அவருக்குத் தெரியும். அந்த முறையில் குறைகள் ஏராளம். கூட்டலில் தப்பு வரும், நோட்டைக் கரையான் அரிக்கும், ஒரு பழைய பில்லைத் தேட அரை நாள் ஆகும். ஆனால் அந்தக் கணக்கு முதலாளிக்காக எழுதப்பட்ட கணக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இன்றைய கணக்கு யாருக்காக எழுதப்படுகிறது? வரி அலுவலகத்துக்காக.

இதற்கு ஆதாரம் தேடி எங்கேயும் போக வேண்டாம், தேதிகளைப் பார்த்தாலே போதும். தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், 2007 ஜனவரி 1-ல் வந்தது. வாங்கியபோது கட்டிய வரியை விற்றபோது கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு பில்லும் பதிவாக வேண்டும். கடைகளில் கம்ப்யூட்டர் நுழைய அது ஒரு பெரிய காரணம். அடுத்து 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. 2018-ல் இ-வே பில். ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டினவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ். ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு சாப்ட்வேர் அப்டேட். வியாபாரி தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியதை விட, அரசாங்கம் கேட்கிறது என்று வாங்கியது தான் அதிகம்.

இன்னொரு ஆதாரம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. ஏலக்காய்க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதனால் போடியில் ஏலக்காய் வியாபாரம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. புதுத் திராட்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. வருஷத்தில் பல முறை அறுவடை, முன்பணம், எடைக் கழிவு, கமிஷன், லாரி வாடகை என்று அந்த வியாபாரத்தில் இருக்கும் கணக்குச் சிக்கல் ஏலக்காய்க்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆனாலும் அங்கே இன்னமும் துண்டுச் சீட்டும் நோட்டும் தான் பெரும்பாலும் ஆட்சி செய்கின்றன. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மாதிரி மனிதர்கள்... வரி இருக்கும் இடத்தில் சாப்ட்வேர், வரி இல்லாத இடத்தில் நோட்டு! கணக்கு சாப்ட்வேர் வியாபாரத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையில் அது பரவியிருந்தால் இப்படி நடந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேலி பிறந்த கதை இதற்கு நேர் எதிரானது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் சப்ளை செய்து வந்தார். தன் வியாபாரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள அவருக்குச் சரியான சாப்ட்வேர் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று செய்யச் சொன்னார். 1986-ல் அப்படி ஆரம்பித்தது தான் பியூட்ரானிக்ஸ் என்ற பெங்களூர் நிறுவனம். 1999-ல் அதன் பெயர் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண்ணை மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லாமல், ஆளின் பெயரை அடித்தாலே கணக்கு வரும்படி செய்தது தான் அதன் பெரிய பலம். ஒரு வியாபாரி தன் கணக்கைத் தானே பார்க்க ஆசைப்பட்டதால் பிறந்த சாப்ட்வேர் அது. தேனிக்கு வந்து சேர்ந்தபோது மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும் கருவியாகச் சுருங்கிவிட்டது.

சரி, இதனால் என்ன நஷ்டம்? வரி கட்டியாகிவிட்டது, ரிட்டர்ன் போட்டாகிவிட்டது, அப்புறம் என்ன என்று கேட்கலாம். போடி ஏலக்காயையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று போடிநாயக்கனூர், இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி. ஏலத்தில் மூட்டையாக எடுத்த காயை வியாபாரி அப்படியே விற்பதில்லை. சலித்து, பொறுக்கி, பருமன் வாரியாகப் பிரிக்கிறார். பெரிய காய்க்கு ஒரு விலை, நடுத்தரத்துக்கு ஒரு விலை, பொடிக்காய்க்கும் வெடித்த காய்க்கும் வேறு விலை. தூசியும் ஈரமும் போக எடையும் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கிலோ 2,500 ரூபாய்க்கு 100 கிலோ எடுத்தாகிறது. முதலீடு 2,50,000 ரூபாய். பிரித்ததில் பெரிய காய் 30 கிலோ, நடுத்தரம் 50 கிலோ, பொடியும் வெடிப்பும் 17 கிலோ, கழிவு 3 கிலோ. பெரிய காய் 3,000-க்குப் போனால் 90,000 ரூபாய். நடுத்தரம் வாங்கிய விலைக்கே போனால் 1,25,000. பொடி 1,800-க்குப் போனால் 30,600. மொத்தம் 2,45,600 ரூபாய். அதாவது கூலி, சாக்கு, வட்டி எதையும் சேர்க்காமலே 4,400 ரூபாய் நஷ்டம்! ஆனால் வியாபாரியின் மனதில் நிற்பது எது? "பெரிய காயை மூவாயிரத்துக்கு வித்தேன்" என்பது தான். லாபம் வந்த மாதிரியே தோன்றும்.

டேலியில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வாங்கிய சரக்கை வரவு வைத்து, பிரித்த பின் ஸ்டாக் ஜர்னலில் தரம் வாரியாக மாற்றி எழுதினால் ஒவ்வொரு தரத்தின் அடக்க விலையும் இருப்பும் திரையில் நிற்கும. ஆனால் மாதக் கடைசியில் ஒரு கட்டு பில்லை வாங்கிக்கொண்டு போய் எங்கோ ஓர் ஆபீசில் பதிவு செய்பவருக்குக் கொள்முதல் மொத்தமும் விற்பனை மொத்தமும் போதும். ரிட்டர்னுக்கு அவ்வளவு தான் தேவை. எந்த மூட்டையில் எத்தனை கிலோ பொடி விழுந்தது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

விலை நிலையாக இருக்கும் சரக்காக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏலக்காய் அப்படியா? 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இப்படி ஏறி இறங்கும் சரக்கில், கையிருப்பு என்ன விலைக்கு வாங்கியது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார்.

வரி விஷயத்திலும் கூடக் கடைசி நிமிஷக் கணக்கு காப்பாற்றுவதில்லை. 2022 ஜனவரி 1 முதல், சப்ளை செய்தவர் தன் பில்லை ரிட்டர்னில் ஏற்றி அது வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி படிவத்தில் தெரிந்தால் தான் உள்ளீட்டு வரி கிடைக்கும். கம்பத்தில் ஒருவர் ரிட்டர்ன் போட மறந்தால் சின்னமனூரில் இன்னொருவரின் பணம் முடங்கும். வாரா வாரம் பார்க்கிறவர் போன் போட்டுக் கேட்டுவிடுவார். மாதம் முடிந்து, அதுவும் வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்கிறவர் அதற்குள் சரக்குக்கு முழுப் பணமும் கொடுத்து முடித்திருப்பார்.

மாநில எல்லை இன்னொரு சிக்கல். கம்பத்திலிருந்து குமுளி சுமார் 25 கிலோமீட்டருக்குள் தான். ஆனால் அங்கே சரக்கு அனுப்பினால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் போட முடியாது, ஐ.ஜி.எஸ்.டி. தான் போட வேண்டும். சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். பில் போடும் பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் சாப்ட்வேர் என்ன செய்யும்? சொன்னதைச் செய்யும்!

வியாபாரிகள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் கடை திறந்தால் இரவு வரை ஓட்டம் தான். தனியாகக் கணக்குக்கு ஆள் போட்டால் சம்பளம் கட்டுப்படியாகாது. சாப்ட்வேருக்கும் காசு வேண்டும், அதனால் தான் திருட்டுப் பிரதி ஊரெல்லாம் ஓடியது. திரையில் தெரிவதெல்லாம் ஆங்கிலமும் கணக்கியல் பாஷையும். ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும் தப்பு செய்யவில்லை, கேட்ட வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று, வெளியே யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றினால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். அதனால் டேலியில் ஒரு கணக்கு, நோட்டில் ஒரு கணக்கு.

அந்தப் பயத்துக்கு இன்று அர்த்தம் குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஆதாரம் அவர்களின் நோட்டு அல்ல, யு.பி.ஐ. மூலம் வந்த வரவு. வரி இல்லாத பொருளை விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. தான் விற்றது என்ன என்பதைக் காட்டக் கணக்கு வைத்திருந்தவர் பதில் சொல்ல முடியும். வைத்திருக்காதவர் என்ன சொல்வார்? வங்கியிடம் ஒரு கணக்கு இருக்கிறது, வரித் துறையிடம் ஒரு கணக்கு இருக்கிறது, சரக்கு கொடுத்தவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கடைக்காரரிடம் மட்டும் இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய பலவீனம்!

தீர்வு ஒன்றும் கஷ்டமானதல்ல. அன்றாடப் பதிவு கடையிலேயே நடக்க வேண்டும், ஆடிட்டர் அதைச் சரி பார்க்க வேண்டும், அவ்வளவு தான். சரக்கின் பெயரையும் ஆளின் பெயரையும் தமிழில் பதிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 2006-ல் வந்த டேலி 9-லேயே தமிழ் உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தும் கடைகளைத் தேடத் தான் வேண்டியிருக்கிறது. பாஸ்வேர்டும் பேக்கப்பும் முதலாளி கையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், கடை சாத்தும் முன் மூன்றே மூன்று விஷயம் பார்த்தால் போதும்: யார் யாரிடம் எத்தனை நாள் பாக்கி, தரம் வாரியாகச் சரக்கு இருப்பு, கையிலும் வங்கியிலும் இருக்கும் பணம். அரை மணி நேரம் ஆகாது.

இதைச் செய்ய ஆள் எங்கே என்றால், ஆள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்திலேயே டேலி ஒரு பாடமாக இருக்கிறது. தேனி, போடி, உத்தமபாளையம் கல்லூரிகளில் பி.காம். படிக்கும் மாணவர்கள் அதைத் தமிழிலேயே படித்து வந்தவர்கள். மதிப்பெண் வாங்கியதோடு அது முடிந்துவிடுகிறது. ஒரு மாணவன் மாலையில் ஒரு மணி நேரம் ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்தால் கடைக்காரருக்குக் கணக்கு கிடைக்கும், மாணவனுக்குக் கையில் கொஞ்சம் காசும் புத்தகத்தில் இல்லாத அனுபவமும் கிடைக்கும். வெளியூர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததாக இருக்காது.

திராட்சை வியாபாரிக்கும் இது பொருந்தும். வரி இல்லை என்பதற்காக லாப நஷ்டம் இல்லாமல் போய்விடுமா? எந்தத் தோட்டத்துக்கு முன்பணம் எவ்வளவு போனது, எந்தச் சந்தையில் எடைக் கழிவு அதிகம் என்பதை ஒரு வருஷம் பதிந்து வைத்துப் பார்த்தால் அடுத்த வருஷம் எங்கே காய் எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று அவருக்கே தெரியும். அதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் கூட வேண்டாம், போனில் இருக்கும் சாதாரண ஆப் போதும். அவரைக் கணக்கு எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் வரப் போவதில்லை. அவராகத் தான் ஆரம்பிக்க வேண்டும்.