கரண்ட் வெச்சா மட்டும் போதுமா?

எங்க பக்கம் ரேடியேஷன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "கரண்ட் வைக்கிறாங்க"ன்னுதான் சொல்வாங்க. வெளியிலேர்ந்து வைக்கிற கரண்ட்டைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். பல கோடி ரூபா மெஷின், மந்திரி ரிப்பன் வெட்டற போட்டோன்னு பேப்பர்ல வந்துடும். ஆனா கொஞ்சம் முத்தின கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அது பாதி வைத்தியம்தாங்க. மீதிப் பாதி ப்ராக்கிதெரபி, அதாவது உள்கதிர். அதுக்கு ரிப்பனும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

விஷயம் சிம்பிள். கர்ப்பப்பைக்குள்ள மெல்லிசா குழாய் வைப்பாங்க. கம்பி நுனியில அரிசிமணியை விடச் சின்னதா இரிடியம்-192. மெஷின் அதை உள்ள அனுப்பி, ஒவ்வொரு இடத்துலயும் சில விநாடி நிறுத்தி, திரும்ப இழுத்துக்கும். தூரம் ரெண்டு மடங்கானா வீரியம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காயிடும். அதனால கட்டிக்குச் செம அடி, பக்கத்துல இருக்கற மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் கம்மி.

எவ்வளவு அடிக்கணும்னு எப்படி முடிவு பண்றது? 1938ல மான்செஸ்டர்ல "பாயின்ட் ஏ"ன்னு ஒரு புள்ளியை வெச்சாங்க. ரெண்டு செ.மீ. மேல, ரெண்டு செ.மீ. பக்கவாட்டுல. கட்டி பெருசோ சின்னதோ, அந்தப் புள்ளிக்கு இவ்வளவு டோஸ். எக்ஸ்ரேல கட்டியே தெரியாத காலத்துல அது பெரிய சாதனைதான். ஆனா நம்ம பாஷைல அதுக்குப் பேரு ஹார்ட்கோடிங். நான் இப்படி ஒரு நம்பரை எழுதினா ரிவ்யூல தோலை உரிச்சுடுவாங்க :-)

குழாய் உள்ள இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் பொம்பளையோட கட்டி எங்க இருக்கோ அதுக்கேத்த மாதிரி டோஸைச் செதுக்கறதுதான் படம் பாத்துச் செய்யற உள்கதிர். ஐரோப்பால 2005ல இதுக்கு நெறிமுறை போட்டாங்க. 2008ல ஆரம்பிச்ச எம்ப்ரேஸ் ஆய்வுல மும்பை டாடா மருத்துவமனையும் சேர்ந்துது. 2021ல ரிசல்ட் வந்துது: 1,341 பேர்ல, அஞ்சு வருஷம் கழிச்சும் கட்டி அதே இடத்துல கட்டுக்குள்ள இருந்தது 92 சதவீதம்.

"எல்லா இடத்துலயும் எம்.ஆர்.ஐ.க்கு எங்க போறது?"ன்னு கேப்பீங்க. முதல் தடவை எம்.ஆர்.ஐ., அடுத்த தடவைகளுக்கு சி.டி.ன்னு சமாளிக்கலாம். இரிடியத்தோட அரை ஆயுள் 74 நாள்தான், மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருக்கணும். அந்தச் செலவு முடியாதுன்னா கோபால்ட்-60 இருக்கு, அரை ஆயுள் அஞ்சு வருஷத்துக்கு மேல. மெஷினை விட ஆள்தான் கஷ்டம். மருத்துவ இயற்பியலாளர் வேணும், மயக்க டாக்டர் வேணும், அன்னிக்கே ஸ்கேன் வேணும்.

அப்புறம் நேரம். வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள்ள முடியணும், தள்ளிப் போனா பலன் குறையும். சதுரங்கப்பட்டினத்துல எங்க பெரியம்மாவுக்கு 25 கரண்ட் முடிஞ்சதும் ரத்தப்போக்கு நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்துட்டாங்க. முக்கியமான வைத்தியம் இனிமேதான்னு அவங்களுக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லலை. திரும்பக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள மூணு வாரம் போச்சு. படிக்காதவங்க, அதான் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுலயே 1988ல 83 சதவீதமா இருந்த உள்கதிர் 2009ல 58க்கு இறங்கிச்சு. அது கிடைக்காதவங்க சீக்கிரம் செத்தாங்கன்னும் அதே ஆய்வு சொல்லிச்சு.

மாமல்லபுரத்துலேர்ந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அம்பது கிலோமீட்டர் சொச்சம். காரப்பேட்டைல 1969லேர்ந்து இருக்கற அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 2019ல செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் காஞ்சிபுரத்தோட போயிடுச்சு. மீன் விக்கிற பொம்பளை உள்கதிருக்குன்னு மூணு நாலு தடவை மயக்க ஊசி போட்டுட்டு பஸ்ல திரும்பறதை யோசிங்க. இத்தனைக்கும் இதே கடற்கரைல, கல்பாக்கத்துல, அணுவை வெச்சு கரண்ட்டே தயாரிக்கிறோம்!

2022ல மட்டும் இந்தியால ஏறக்குறைய 1.27 லட்சம் பேருக்கு இந்த நோய்னு உலக அளவுல மதிப்பீடு, சாவு 80 ஆயிரம். அடுத்த தடவை நம்ம மாவட்டத்துக்குப் புது கரண்ட் மெஷின்னு அறிவிப்பு வந்தா நான் கேக்கப் போறது ரெண்டு. உள்கதிர் ரூம் இருக்கா? குழாய் வெச்ச அன்னிக்கே ஸ்கேன் கிடைக்குமா?