ஆட ஆட வராது

"ஆடிக்கிட்டே இரு மக்கா, தன்னால வரும்." வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ கோணத்துக் கல்லூரி வாசலிலோ போனைக் குறுக்கே பிடித்தபடி நாலு பையன்கள் நின்றால் இந்த உபதேசம் காதில் விழாமல் போகாது. துப்பாக்கிச் சண்டை ஆட்டமான பி.ஜி.எம்.ஐ.யில் கோல்டு ரேங்கைத் தாண்டாதவனுக்கும் இதே மருந்துதான், செஸ் டாட் காமில் 800 புள்ளியை விட்டு எழும்பாதவனுக்கும் இதே மருந்துதான். மருந்து சொல்பவனும் கோல்டில்தான் கிடக்கிறான் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆட்டத்தின் எண்ணிக்கை கூடினால் கை பழகும், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்கியவனுக்கு முதல் சில வாரங்கள் வேண்டுமானால் வெறும் ஆட்டமே பாடம் நடத்தும். எந்தத் துப்பாக்கி எப்படி உதைக்கும், குதிரை எந்தக் கட்டத்துக்குத் தாவும் என்பதெல்லாம் அப்படி வந்துவிடும். அதற்குமேல் அவன் ஆடுவது தன் பழைய தவறுகளின் ஒத்திகை. தினமும் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்தால் தவறு நன்றாகத்தானே மனப்பாடம் ஆகும்?

ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மயக்கம் பாதி தெளியும். ஆர்பட் ஈலோ ஹங்கேரியில் பிறந்தவர், அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியர். செஸ் ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் சொல்ல அவர் வகுத்த முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. அந்தக் கணக்குப்படி 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு ஏறத்தாழ 64 எடுப்பார். 200 கூடுதல் என்றால் 76. இன்று பல ஆன்லைன் ஆட்டங்கள் ஆள் சேர்ப்பது இந்த முறையையோ இதன் வழிவந்த ஒன்றையோ வைத்துத்தான். உனக்குச் சமமானவனைத் தேடிப்பிடித்து எதிரே உட்கார வைப்பதே அதன் வேலை. சமமானவனோடு மோதினால் பாதி ஜெயிப்பாய், பாதி தோற்பாய். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் நீ மாறாதவரை எண்ணும் மாறாது. பி.ஜி.எம்.ஐ. மாதிரியான ஆட்டங்களில் கதை இன்னும் மோசம். புல்லுக்குள் படுத்துக் கடைசிவரை உயிரோடு கிடந்தாலே அங்கே புள்ளி உண்டு. நேரத்தைக் கொட்டி ஒருவன் மேலே போவான், சீசன் மாறும், கீழே தள்ளிவிடுவார்கள், திரும்பவும் கொட்டுவான். நாம் நேரத்தைக் கொட்டுவதில் ஆட்டக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சம் படித்த பிள்ளைகள் 'பத்தாயிரம் மணி நேரம்' என்று புள்ளிவிவரத்தோடு வருவார்கள். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய 'அவுட்லயர்ஸ்' பரப்பிய எண் அது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆதாரம், ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு. அந்தக் குழு முக்கியமாக எண்ணியது கச்சேரி வாசித்த நேரத்தை அல்ல, தனியே அமர்ந்து குறைகளைத் திருத்திச் சாதகம் செய்த நேரத்தை. எரிக்சனே பிற்பாடு, தன் ஆய்வைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று எழுதினார். 2005இல் நீல் சார்னஸ் குழு செஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது: போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, தனியே உட்கார்ந்து படித்த நேரமே ரேட்டிங்கோடு நெருங்கி நின்றது.

இது நம் குமரி மாவட்டத்துக்குத் தெரியாத சங்கதியா? அடிமுறை இந்த மண்ணின் சண்டை வித்தை. 2020இல் 'பட்டாஸ்' படம் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. களரியில் கால் வைத்த அன்றைக்கே எந்த ஆசானும் பையனைச் சண்டைக்கு விடமாட்டார். முதலில் ஒற்றைச் சுவடு, அது தேறினால் கூட்டச் சுவடு. பாதம் திரும்பும் கோணம் பிசகினால் அங்கேயே நிறுத்தி, அந்த ஒரு சுவடை மட்டும் மறுபடி போடச் சொல்வார். அடிபட அடிபடத் தன்னால் வரும் என்று சீடனை நடுக்களத்தில் தள்ளிவிட்டால் வித்தை வராது, எலும்புதான் முறியும். போன் ஆட்டத்தில் எலும்பு முறியாது என்பதால் அந்த மடத்தனம் நமக்கு உறைப்பதில்லை.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், "சவத்துப் பயலுவ, ஒருத்தனும் கவர் தரல அண்ணாச்சி" என்று பொருமினான். அவன் செத்த ஆட்டத்தின் ரீப்ளேயைப் போடச் சொன்னேன். ஆட்டத்தில் வரும் பொச்சின்கி ஊரில் ஒரு வீட்டு மாடியிலிருந்து எதிரி ஒருவனை அழகாகச் சுட்டுச் சாய்க்கிறான். சாய்த்த கையோடு படியிறங்கி, துப்பாக்கியில் குண்டு நிரப்பாமலே, செத்தவன் பெட்டியைக் கிளற வெட்டவெளியில் ஓடுகிறான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருவன் காத்திருக்கிறான். கதை முடிந்தது. முந்தைய ஆட்டத்தைப் போடு என்றேன். ஊர் வேறு, பெட்டி வேறு, சாவு அதேதான். கூட வந்த மூன்று பேரும் அப்போது வேறு பக்கம் சண்டையில் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்?

டீம் சரியில்லை என்ற புலம்பலும் இந்த நம்பிக்கைக்குக் கூடப்பிறந்ததுதான். ஆட ஆட வரும் என்று நம்பியவனுக்கு ஆடியும் வராதபோது பழிபோட ஓர் ஆள் வேண்டும். நூறு பேர் இறங்கும் களத்தில் உன் பக்கம் மூன்று பேர், மற்ற 96 பேர் எதிரிகள். சோப்ளாங்கிகள் உன் அணியை மட்டும் தேடி வருவார்களா என்ன? போன் தொங்குகிறது, நெட் இழுக்கிறது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வெட்டவெளியில் பெட்டி கிளறப் போகச் சொன்னது நெட் அல்லவே.

2022 ஜூலை 28 அன்று பி.ஜி.எம்.ஐ. இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து சில காலம் மறைந்தது. பையன்கள் துக்கம் கொண்டாடினார்கள். அதே நாளில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. அதில் 16 வயது குகேஷ் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை ஜெயித்தார். குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, வெகுகாலம்வரை அவரைக் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. நிலையைப் பார், நீயே யோசி, தப்பானால் ஏன் தப்பானது என்று நீயே கண்டுபிடி என்பதே அந்த வழி. நம் 800 புள்ளிக்காரனுக்கோ லிசெஸ் தளத்தில் காசில்லாமலே அலசல் கிடைக்கிறது. தோற்ற கணமே அதைத் திறந்தும் பார்க்காமல் 'அடுத்த ஆட்டம்' பொத்தானை அமுக்குகிறான். அந்த மட்டத்தில் தோல்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்: வெட்டுக்கு நிற்கும் காயைப் பார்க்காமல் விடுவது. நகர்த்துமுன் எதிராளியின் எந்தக் காய் எதை வெட்டும் என்று ஒரு தடவை கண்ணோட்டினாலே மேலே ஏறலாம்.

ஐந்து ஆட்டம் ஆடுகிறவன் மூன்று ஆடட்டும். மிச்ச நேரத்தில் ஒவ்வொரு தோல்வியையும் பார்த்து, எப்படிச் செத்தேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதட்டும். வாரக் கடைசியில் எந்த வரி அதிகம் வருகிறதோ, அடுத்த வாரம் அந்த ஒரு குறையோடு மட்டும் மல்லுக்கட்டட்டும். ஆரம்பத்தில் ரேங்க் இறங்கக்கூடும். பழக்கத்தை மாற்றும்போது கை தடுமாறத்தான் செய்யும்.

"பொழுதுபோக்குக்கு ஆடுறதுக்கு நோட்டு எதுக்கு?" என்பார்கள். பொழுதுபோக்கு என்றால் தாராளமாக ஆடட்டும், ரேங்கைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு மைக்கில் முகம் தெரியாத ஒருவனின் அம்மாவை இழுத்துத் திட்டுவது எந்த ஊர்ப் பொழுதுபோக்கு? இன்னும் சிலர் காசு கொடுத்து, கெட்டிக்காரன் ஒருவனிடம் ஐடியை ஒப்படைத்து ரேங்கை ஏற்றிக்கொள்கிறார்கள். ஏறிய இடத்தில் எதிரே வருகிறவர்கள் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவர்கள். பாராசூட்டிலிருந்து கால் தரையில் பட்ட கொஞ்ச நேரத்தில் ஆளை முடித்து அனுப்புகிறார்கள். இப்படியே தோற்றுத் தோற்று, காசு கொடுத்தவன் பழையபடி கோல்டுக்கு வந்து சேர்கிறான்.