நில்லாப் பணியும் முன்னாயத்தமும்

எமது பழைய மாணவருட் சிலர் இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் கணினிச் சேவையகங்களைப் பேணும் பொறுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். மாணவருள்ளும் அத்துறையை நாடுவோர் உளர். அவர்தம் பணியில் அடிக்கடி நேரும் ஒரு காரியத்தைப் பற்றி எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம். இலக்கணம் கற்பிப்போர்க்கு இயந்திரத்தில் என்ன வேலை என வினவுவோர்க்கு, ஒழுங்கு பற்றிப் பேசுவதே எமது தொழில் என்பதே விடை.

பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று ஓய்ந்தால் மற்றையது அதன் வேலையை ஏற்குமாறு அமைப்பதைக் கிளஸ்ரர் என்பர். நாம் கொத்து என்போம். கொத்திலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. டிஜிற்றல் எக்விப்மென்ற் நிறுவனம் தனது வாக்ஸ் கொத்தை 1983இலேயே அறிவித்தது. ஆதலின் இது நேற்றுப் பிறந்த எண்ணம் அன்று. ஆயினும் விண்டோஸ் சேவையகங்களை ஆள்வோர், பணிசெயல் முறைமையைப் புதுப்பிக்க வேண்டுமாயின், புதிய கொத்தொன்றை வேறாக அமைத்து வேலைகளை அதற்கு மாற்ற வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பே இத்தொல்லையைத் தீர்த்தது. ஒரு கணுவின் வேலைகளை ஏனையவற்றுக்கு மாற்றி, அதனைக் கொத்தினின்றும் நீக்கி, புதிய முறைமையை நிறுவி, மீண்டும் சேர்த்தல். பின்னர் அடுத்த கணு. இவ்வாறு படிப்படியாக மாற்றுகையில் மெய்நிகர் இயந்திரங்கள் நில்லாமல் இயங்கும். பிற பணிகள் சில, கணு மாறும்போது சிறிது நேரம் தடைப்படும்.

வேலை நில்லாது என்ற இவ்வுறுதியே பலரைச் சோம்பலுக்கு உள்ளாக்குகின்றது என்பது எமது துணிபு. நில்லாது நடக்குமெனின் ஆயத்தம் எதற்கு என்கின்றனர். பணி நில்லாமல் நடப்பது ஆயத்தத்தினாலேயே என்பதை அவர் மறந்தனர்.

முதலாவதாக, இடம் வேண்டும். பாடசாலையில் ஓர் ஆசிரியர் விடுப்பிற் சென்றால் அவர் வகுப்பை மற்றவர் ஏற்பர். எல்லோருக்கும் எல்லாப் பாடவேளையும் நிறைந்திருப்பின் யார் ஏற்பது? நான்கு கணுக்கள் ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் நூற்றுக்கு 80 பங்கை நிரப்பியிருப்பதாகக் கொள்வோம். ஒன்றை நீக்கினால் எஞ்சிய மூன்றும் ஒவ்வொன்றும் 107 பங்கு சுமக்க நேரும், அஃது இயலாது. 60 பங்காயின் மூன்றும் 80 ஆகத் தாங்கும். ஆனால் ஒன்று வெளியே இருக்கும் வேளையில் இன்னொன்று பழுதுற்றால்? மீந்த இரண்டின் மீதும் 120 ஏறும். இவ்விடரையும் தாங்க வேண்டுமாயின், தொடக்கத்தில் 50க்கு மேல் இருத்தலாகாது. வெறுமையாய்க் கிடக்கும் நினைவகத்தை வீண்செலவென்று கருதும் நிருவாகிகளுக்கு இக்கணக்கைக் காட்டுதல் நன்று. வைத்தியசாலையொன்றின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் அக்கொத்திலே தங்கியிருப்பின், வீண்செலவு எதுவென அவரே உணர்வர்.

இரண்டாவதாக, எழுத்து வேண்டும். பழைய முறைமையின் மேலேயே புதியதை ஏற்றாது, வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுமாறே 2016ஆம் ஆண்டின் அறிவுரை அமைந்தது. அங்ஙனமாயின் அக்கணுவின் வலையமைப்பு முகவரிகள், செலுத்திகள், சேமிப்பகத்துக்குச் செல்லும் பாதைகள், நிறுவிய பாத்திரங்கள் யாவும் எங்கே எழுதப்பட்டுள்ளன? பெரும்பாலும், அவற்றை அமைத்தவரின் நினைவில் மாத்திரமே. அவரோ வெளிநாடு சென்றிருப்பார்! எழுதாத அமைப்பைப் புதுப்பிக்கத் தொடங்குவதினும், ஒரு வாரம் பிந்துவது மேல்.

காப்புப் பிரதி எடுத்து, அதை ஒருமுறை மீட்டுப் பார்த்தல். தன்னியக்கப் புதுப்பிப்பை நிறுத்திவைத்தல். கொத்தின் வாக்குப் பெரும்பான்மைக்குத் துணையாகும் சாட்சி சரியாக இயங்குகின்றதா எனக் காணல். சரிபார்ப்புச் சோதனையை ஓட்டுதல் ஆகியன பலரும் அறிந்தவையே.

பழையதும் புதியதும் கலந்திருக்கும் காலம் கடப்பதற்குரிய பாலமேயன்றிக் குடியிருக்கும் வீடன்று. நான்கு வாரத்துள் முடித்தல் வேண்டுமென மைக்ரோசொப்ட் ஆவணங்கள் கூறுகின்றன. அக்காலம் முழுதும் திரும்பிச் செல்லும் வாயில் திறந்தேயிருக்கும். கொத்தின் செயற்பாட்டு மட்டத்தை உயர்த்தும் இறுதிக் கட்டளையை இட்டபின் அது மூடப்படும்; பழைய முறைமையுள்ள கணு எதுவும் பின்னர்ச் சேர முடியாது. மெய்நிகர் இயந்திரங்களின் பதிப்பை உயர்த்துவதும் அத்தகையதே. வாயிலை விரைந்து மூடுவோரும், மூடாமலே மாதக் கணக்கிற் கிடப்போரும் உளர். இருசாராரையும் நாம் ஏற்கோம். எனினும் விரைவோரால் விளையும் கேடே பெரிது.

இப்போது இது பேசுதற்குரிய காரணம் உண்டு. 2012 ஆர் 2 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 ஒக்ரோபர் 10இல் முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 சனவரி 12 எல்லையெனக் குறித்துள்ளனர். கொத்தைப் படிமுறையாக மாற்றுவோர் ஒருமுறைக்கு ஒரு பதிப்பே ஏறலாம். 2016இலிருந்து 2022க்குச் செல்வோர் 2019 வழியாக இருமுறை இதே பாடுபடல் வேண்டும். மூன்று கணுக் கொத்தொன்றை ஒரே கணினியுள் மெய்நிகராக அமைத்து ஒத்திகை பார்க்கலாம். 180 நாட் பரீட்சார்த்தப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கின்றது. இத்துறையிலுள்ள பழைய மாணவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து, உயர்தர மாணவருக்கு அதனைச் செய்து காட்டுவாராயின், ஒரு கணுவை வேண்டுமென்றே வீழ்த்திக் காட்டுமாறும் அவரைக் கேட்டுக்கொள்கின்றோம்.