நிரூபிக்க வேண்டியது யார்?

ஆந்திரப் பிரதேசத்தில் 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அரசின் நோட்டீஸ் வழங்கப்பட்டது. மறு மருத்துவப் பரிசோதனையில் ஊனத்தின் அளவு குறைவாக இருப்பது தெரியவந்துள்ளது, ஆகவே ஓய்வூதியம் பெறத் தகுதியில்லை என்பதே அதன் சாரம். நோட்டீஸ் பெற்றவர்கள் யாரும் புதிய விண்ணப்பதாரர்கள் அல்லர். அரசு நடத்திய ‘சதரம்’ முகாம்களில் அரசு மருத்துவர்கள் பரிசோதித்து வழங்கிய சான்றிதழின் பேரில் ஆண்டுக்கணக்கில் ஓய்வூதியம் பெற்று வந்தவர்கள். அந்தச் சான்றிதழ் இப்போது செல்லாது என்று அதே அரசு கூறியது. ஆட்சேபம் இருப்பின் மேல்முறையீடு செய்து கொள்ளலாம் என்றும் சேர்த்துக் கூறியது.

2024இல் ஆட்சிக்கு வந்த தெலுங்கு தேசம் - ஜனசேனா - பாஜக கூட்டணி, 3,000 ரூபாயாக இருந்த மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக உயர்த்தியது. எழ முடியாமல் படுக்கையில் கிடப்போருக்கு 15,000 ரூபாய் என அறிவித்தது. இந்த உயர்வு வரவேற்கத்தக்கதே. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இதன் அருகில்கூட வரவில்லை. ஆனால் தொகை உயர்ந்த சில மாதங்களிலேயே, 2025 ஜனவரியில், வீடு வீடாகவும் மருத்துவமனைகளிலும் மறுபரிசோதனை தொடங்கியது. கூட்டிக் கொடுத்த தொகையை ஆட்களைக் குறைத்து ஈடுகட்டும் கணக்கு இது என்று மாற்றுத்திறனாளிகள் சந்தேகித்ததில் வியப்பில்லை.

முந்தைய ஆட்சியில் போலிச் சான்றிதழ்கள் தாராளமாக வழங்கப்பட்டன என்பது ஆளுங்கூட்டணியின் வாதம். போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன என்பதை யாரும் மறுக்கவில்லை. இடைத்தரகர்களும் அவர்களுக்குத் துணைபோகும் சில மருத்துவர்களும் உருவாக்கும் போலிகளால் முதலில் பாதிக்கப்படுவது உண்மையான மாற்றுத்திறனாளிகள்தான். அப்படியெனில் விசாரணை தொடங்க வேண்டிய இடம் சான்றிதழில் கையெழுத்திட்டவரின் மேசை. ஆனால் தண்டனையின் முதல் தவணை போலியோவால் கால் சூம்பிய விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு லட்சம் பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தகுதியற்றோர்’ என முத்திரை குத்தியது, குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் எழுதிய செயலாகும்.

மாவட்டந்தோறும் எதிர்ப்பு எழுந்தது. மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்தனர். இடதுசாரிக் கட்சிகளும் பிற எதிர்க்கட்சிகளும் கண்டித்தன. அதன் பின்னரே, மேல்முறையீடு செய்தவர்களுக்கு ஓய்வூதியம் தொடர்ந்து வழங்கப்படும் என அரசு இறங்கி வந்தது. இது சலுகை அன்று, போராட்டத்தால் பெறப்பட்டது. ‘முதலில் நிறுத்து, பிறகு கேள்’ என்பதை ‘முதலில் கேள், அதுவரை கொடு’ என்று மாற்ற வைத்தது அந்த எதிர்ப்புதான். நாடு முழுவதும் நடைமுறையாக வேண்டிய இந்த நெறி எந்த ஓய்வூதியத் திட்டத்தின் விதிகளிலும் உறுதியாக இடம்பெற்றாக வேண்டும்.

மேல்முறையீடு என்ற சொல் காகிதத்தில் எளிதாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. எவ்வளவு காலத்துக்குள், எந்த முறையில், யாரிடம் என்பதையெல்லாம் மாநில அரசுகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. நடைமுறையில் நடப்பது வேறு. கிராமத்திலிருந்து மண்டல அலுவலகத்துக்கு ஒரு முறை, அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு முறை, குறிப்பிட்ட நிபுணர் அன்று இல்லையெனில் மீண்டும் ஒரு முறை. தனியாகப் பேருந்து ஏற முடியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். கடைசியில் பரிசோதிப்பவர் பெரும்பாலும் முதலில் மறுத்த அதே துறையின் மருத்துவர், அதே மருத்துவமனை, சில வேளைகளில் அதே அறை. பிரிட்டனில் ஊனமுற்றோர் உதவித்தொகை மறுக்கப்பட்டவர்கள், மறுத்த துறையின் பிடியில் இல்லாத தீர்ப்பாயத்தின் முன் செல்ல முடிகிறது. அவ்வாறு விசாரணை வரை செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வெற்றி பெறுகின்றனர். மறுப்புகளில் எத்தனை தவறானவை என்பது சுயேச்சையான ஒருவர் பார்க்கும்போதுதான் வெளிவருகிறது.

மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஊனம் 35 சதவீதம் என்று மட்டும் எழுதிய தாள் காரணமாகாது. எந்த மூட்டு, எந்த அசைவு, எவ்வாறு அளக்கப்பட்டது, முந்தைய சான்றிதழில் இருந்த 60 எங்கே போனது என்பதற்கு விடை இல்லாமல் ஏழை ஒருவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? மனநோய் உள்ளவரும், வலிப்பு வருபவரும், அரிவாள் அணு இரத்தசோகையால் அவதிப்படுபவரும் முகாம் நடந்த நாளில் நன்றாக இருந்திருக்கலாம். ஐந்து நிமிடப் பார்வையில் அவர்களுடைய ஓர் ஆண்டின் துயரம் தெரிவதில்லை.

சதவீதம் என்ற அளவுகோலைக் கொண்டு மக்களை வடிகட்டுவதில் ஒன்றிய அரசு ஆந்திர அரசைவிடப் பல படி மேலே நிற்கிறது. சட்டப்படி 40 சதவீத ஊனம் உள்ளவர் வரையறைக்குள் வருகிறார். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்துக்கோ 80 சதவீதம் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊனங்களைச் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தின்படி, காலில் 50 சதவீதமும் பார்வையில் 50 சதவீதமும் இழந்தவருக்குக் கிடைப்பது 100 அன்று, ஏறத்தாழ 72. அவர் வேலைக்குப் போக முடியுமா என்று சூத்திரம் கேட்பதில்லை. 80ஐ எட்டவில்லை என்று கோப்பு மூடப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ள நாட்டில், இந்தத் திட்டத்தின் பயனாளிகள் சுமார் 10 லட்சம் பேர் மட்டுமே.

இத்தனை சல்லடைகளையும் கடந்து வருபவருக்கு ஒன்றிய அரசு தருவது மாதம் 300 ரூபாய், அதாவது நாளுக்குப் பத்து ரூபாய். 2012இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை. அதன் பின் வந்த மோடி அரசு ஒரு ரூபாயைக்கூடக் கூட்டவில்லை. ஒரே மாதிரியான பிற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமேனும் கூடுதலாக வழங்க வேண்டும் என 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. 80 வயதைக் கடந்த முதியவருக்கும் 500 ரூபாய், 80 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிக்கும் அதே 500 ரூபாய் என்று வைத்திருப்பதன் மூலம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஒன்றிய அரசே மீறிக் கொண்டிருக்கிறது. ‘திவ்யாங்’ என்று பெயர் சூட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டபோது, சான்றிதழ் வழங்க மருத்துவ அதிகாரிக்கு இருந்த ஒரு மாதக் கெடு மூன்று மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் முடிவின்றிக் கிடக்கும் விண்ணப்பம் காலாவதியாகிவிடும் என்றும் சேர்க்கப்பட்டது. நிபுணர் இல்லாத மருத்துவமனை, அலைய முடியாத விண்ணப்பதாரர்: தாமதத்துக்குக் காரணம் எதுவானாலும் இழப்பு விண்ணப்பித்தவருக்கே. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியும் இல்லை; ஏனெனில் மறுப்பு என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை.

தேசபக்தியைத் தன் தனிச்சொத்தாகக் கருதும் அரசு ஊனமுற்ற படைவீரர்களை நடத்தும் விதமும் இதிலிருந்து வேறுபட்டதன்று. பணியில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகாத வீரருக்குப் பின்னாளில் ஊனம் ஏற்பட்டால், அது பணியால் நேர்ந்ததன்று என நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது. ஐயத்தின் பலன் வீரருக்கே என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வென்ற வீரர்களை எதிர்த்து ஒன்றிய அரசு நீதிமன்றங்களின் படியேறிக் கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தகைய மனுக்களில் ஏறத்தாழ 300ஐ ஒருசேரத் தள்ளுபடி செய்தது. இங்கே மேல்முறையீட்டாளர் அரசு. ஓய்வூதியத்தைக் காத்துக்கொள்ள வழக்கறிஞரைத் தேடியவர் ஊனமுற்றவர்.

படைவீரருக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த அந்தக் கோட்பாடு பீடித் தொழிலாளிக்கும் தறி நெய்பவருக்கும் ஏன் பொருந்தக் கூடாது? அரசு மருத்துவர் அளித்த சான்றிதழ் தவறு என்று அரசு கருதினால், அதை நிரூபிக்க வேண்டியது அரசே. நிரூபிக்கும் வரை ஓய்வூதியம் தொடர வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, முதுமை, நோய் ஆகியவற்றுடன் ஊனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பொது உதவி பெறும் உரிமைக்கு வகைசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ‘பொருளாதார ஆற்றலின் வரம்புக்குள்’ என்ற அதன் நிபந்தனையை, கார்ப்பரேட் வரியைக் குறைத்த அரசு 300 ரூபாய்க்கு எதிராக எடுத்துக்காட்டுவது எடுபடாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான தேசிய மேடை 80 சதவீத விதியைக் கைவிடுமாறும் ஓய்வூதியத்தை உயர்த்துமாறும் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. ஆந்திர அனுபவத்தின் பின்னணியில் இக்கோரிக்கைகளுடன் மேலும் சிலவும் முன்னுக்கு வருகின்றன. மேல்முறையீட்டை விசாரிக்கும் குழுவில் முதலில் மறுத்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி அமைப்புகளின் பிரதிநிதி இருக்க வேண்டும். விசாரணை வட்ட, மண்டல அளவிலேயே நடக்க வேண்டும். வர இயலாதவரின் வீட்டுக்குக் குழு செல்ல வேண்டும். பயணச் செலவும் துணைக்கு வருபவரின் கூலியும் அரசின் பொறுப்பு. குறித்த காலத்தில் முடிவு சொல்லப்படவில்லையெனில் மேல்முறையீடு ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும்.

நோட்டீஸ் பெற்றவர்களில் பலருக்கு, வருமானம் எவ்வளவாயினும் மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் கூறுவது தெரியாது. மாவட்ட, வட்ட அளவிலான சட்டப்பணிக் குழுக்களில் மனு அளிக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். ஆணையரின் பரிந்துரை துறைகளைக் கட்டாயப்படுத்தாது என்பது உண்மைதான். ஆயினும் எழுத்தில் பதிவாகும் ஒவ்வொரு புகாரும் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் சொல்லுமாறு அதிகாரிகளை நெருக்கும். மனு எழுதித் தருவதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும், பழைய சான்றிதழின் நகலைத் தேடி எடுப்பதும் விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் சங்கங்களின் கிளைகள் ஒவ்வோர் ஊரிலும் உடனடியாக ஏற்றுச் செய்யக்கூடிய பணிகள்.